டென்மார்க்கில் காற்று மின்சாரம்: உழவர்களே பங்குதாரர்கள்

மானாவாரி நிலமும் தரிசு நிலமும் உள்ள ஊர்களுக்கு இப்போது அடிக்கடி வெளியாட்கள் வருகிறார்கள். காற்றாலை அமைக்கவோ சூரிய மின் நிலையம் அமைக்கவோ நிலம் வேண்டும் என்கிறார்கள். சிலர் விலைக்குக் கேட்கிறார்கள். சிலர் 25 ஆண்டு, 30 ஆண்டு என நீண்ட காலக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். மழையை நம்பிய நிலத்திலிருந்து நிலையான வருமானம் வருமே என்ற எண்ணம் ஒருபுறம். பாட்டன் காலத்து நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் மறுபுறம். விவசாயி தயங்குவது இயல்பே.

இந்த நிலையில், காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதில் உலகுக்கே வழிகாட்டிய டென்மார்க் நாட்டின் அனுபவத்தை அறிந்து கொள்வது பயன் தரும். அங்கு தொடக்க காலக் காற்றாலைகளில் பெரும்பாலானவற்றை உழவர்களும் கிராமத்தாரும் பணம் போட்டு நிறுவினார்கள். அதற்கு இசைவாக அரசு விதிகளை வகுத்தது. அந்த விதிகள் தளர்ந்த காலத்தில் காற்றாலை வளர்ச்சியும் நின்றது. இதன் காரணங்களைக் கீழே காண்போம்.

நாடும் காற்றும்

டென்மார்க் வட ஐரோப்பாவில் கடலால் சூழப்பட்ட சிறிய நாடு. பரப்பளவு தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்குதான். மக்கள் தொகை சுமார் 60 லட்சம். மலை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. மேற்குக் கரையில் உள்ள ஜட்லாந்துப் பகுதியில் கடல் காற்று தடையின்றி வீசும். பார்லி, கோதுமை, உருளைக்கிழங்கு சாகுபடியும், பால் மாடு, பன்றி வளர்ப்பும் முக்கியத் தொழில்கள்.

காற்று மின்சாரத்தில் ஓர் அடிப்படைக் கணக்கு உண்டு. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதில் உள்ள சக்தி 8 மடங்காகும். வேகம் பாதியாகக் குறைந்தால் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே, காற்றாலை எங்கே நிற்கிறது என்பதே அதன் வருமானத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. நல்ல காற்று வீசும் மேட்டு நிலத்துக்கு மதிப்பு அதிகம் என்பதை டென்மார்க் விவசாயிகள் விரைவில் உணர்ந்தார்கள்.

பாலில் தொடங்கிய கூட்டுறவு

காற்றாலைக்கு வெகு காலம் முன்பே அந்நாட்டு விவசாயிகளுக்குக் கூட்டுறவில் பழக்கம் இருந்தது. 1882ஆம் ஆண்டு மேற்கு ஜட்லாந்தில் ஹியெடிங் என்ற ஊரில் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை தொடங்கப்பட்டது. பத்து மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு மாடு வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டு. வாக்கு மனிதர்களைக் கொண்டு எண்ணப்பட்டது. மாடுகளைக் கொண்டு அல்ல. லாபம் மட்டும் ஊற்றிய பாலின் அளவுக்கேற்பப் பகிரப்பட்டது. பின்னாளில் காற்றாலையைப் பங்கு போட்டு வாங்கலாம் என்ற யோசனை வந்தபோது, கிராமத்தாருக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

ஆசிரியரும் தச்சரும்

காற்றாலை மின்சாரத்துக்கு அங்கே வித்திட்டவர் போல் லா கூர் என்ற பள்ளி ஆசிரியர். அஸ்கோவ் என்ற கிராமத்தின் மக்கள் உயர்நிலைப் பள்ளியில் 1891இல் அரசு உதவியுடன் ஒரு சோதனைக் காற்றாலையை அமைத்தார். காற்றில் கிடைத்த மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் வாயு எடுத்து, அதைச் சேமித்துப் பள்ளி விளக்குகளை எரித்தார். பல இறக்கைகள் மெதுவாகச் சுழல்வதைவிட, சில இறக்கைகள் வேகமாகச் சுழல்வதே மின்சாரத்துக்கு ஏற்றது என்பதைச் சோதனை மூலம் காட்டினார். கிராம மின் பணியாளர்களுக்குப் பயிற்சியும் அளித்தார்.

பின்னர் 1957இல் கெட்சர் என்ற இடத்தில் பொறியாளர் யொஹான்னஸ் யூல் 200 கிலோவாட் திறனுள்ள மூன்று இறக்கைக் காற்றாலையை நிறுவினார். புயல் அடித்தால் வேகம் மீறாமல் தடுக்க இறக்கைகளின் நுனியில் தடைகள் வைத்தார். அது சுமார் 10 ஆண்டுகள் ஓடியது. எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலம் அது. ஆகவே 1967இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அப்போது டென்மார்க் தன் எரிசக்தித் தேவையில் ஏறத்தாழ 90 சதவீதத்தை இறக்குமதி எண்ணெயால் நிறைவு செய்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை விதிக்கும் நிலை ஏற்பட்டது. மின் நிறுவனங்கள் அணு மின் நிலையம் வேண்டும் என்றன. மக்களில் பலர் வேண்டாம் என்றனர். நீண்ட விவாதத்துக்குப் பின் 1985இல் நாடாளுமன்றம் அணு மின்சாரத்தைத் தன் திட்டத்திலிருந்து நீக்கியது.

இந்த விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே கிராமங்களில் வேலை தொடங்கிவிட்டது. கிறிஸ்டியன் ரீஸகர் என்ற தச்சர் 1970களின் நடுவில் யூலின் அமைப்பைப் பின்பற்றி 22 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் செய்து, அதைப் பொது மின் கம்பியோடு இணைத்தார். நம் கணக்கில் இது சுமார் 30 குதிரைத்திறன். அதாவது ஆறு 5 குதிரைத்திறன் மோட்டார்களை ஓட்டக்கூடிய அளவு. பக்கத்து ஊர் விவசாயிகள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். அடுத்து விவசாய வண்டிகள், பாரம் தூக்கிகள் செய்துவந்த வெஸ்டாஸ், பாசனக் கருவிகள் செய்துவந்த டான்ரெய்ன், தொட்டிகள் செய்துவந்த நார்ட்டாங்க் ஆகிய நிறுவனங்கள் இத்தொழிலில் இறங்கின. உழவனுக்கு எது பழுதாகும், எது தாங்கும் என்று அறிந்தவர்கள் செய்த இயந்திரங்கள் ஆனதால் அவை கனமாகவும் உறுதியாகவும் இருந்தன.

அரசு செய்த நான்கு காரியங்கள்

இனி அரசின் கொள்கையைப் பார்ப்போம். பாடம் முழுவதும் இதில்தான் உள்ளது.

1. சோதித்த இயந்திரத்துக்கே மானியம். 1978இல் ரிசோ ஆய்வு நிலையத்தில் காற்றாலைச் சோதனைப் பிரிவு தொடங்கப்பட்டது. 1979 முதல் காற்றாலை வாங்குவோருக்கு விலையில் 30 சதவீதம் மானியம் தரப்பட்டது. ஆனால் ரிசோவில் சோதித்து ஒப்புதல் பெற்ற வகைக்கு மட்டுமே மானியம். அக்காலத்தில் புயலில் சில காற்றாலைகள் வேகம் மீறிச் சிதறின. ஆகவே ஒரு தடை பழுதானாலும் மற்றொன்று நிறுத்தும்படி இரட்டைத் தடை அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. இயந்திர விலை குறையக் குறைய மானியமும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989இல் நிறுத்தப்பட்டது.

2. மின் கம்பியில் இணைக்கும் உரிமை. காற்றாலையில் கிடைக்கும் மின்சாரத்தை வாங்க மாட்டோம் என்று மின் நிறுவனம் சொன்னால் எல்லா உழைப்பும் வீண். 1984இல் அரசு முன்னிலையில் மின் நிறுவனங்களும் காற்றாலை உரிமையாளர்களும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். எவரும் முறைப்படி இணைப்புப் பெறலாம் என்றும், இணைப்புச் செலவில் எவர் எதை ஏற்பது என்றும் அது வகுத்தது.

3. உறுதியான விலை. 1990களின் தொடக்கத்தில் இதுவே சட்டமாக்கப்பட்டது. வீட்டுக்கு மின்சாரம் விற்கும் விலையில் 85 சதவீதத்தை மின் நிறுவனம் காற்றாலைக்குத் தர வேண்டும். எரிசக்தி வரியில் ஒரு பகுதியும் திருப்பித் தரப்பட்டது. அடுத்த ஆண்டு என்ன விலை கிடைக்கும் என்று தெரிந்ததால் வங்கிகள் தயங்காமல் கடன் கொடுத்தன. கரும்புக்கும் நெல்லுக்கும் விலை முன்கூட்டியே தெரிந்தால் விவசாயிக்கு எவ்வளவு துணிவு வரும் என்பதை நாம் அறிவோம். காற்றுக்கும் அதே துணிவு கிடைத்தது.

4. அருகில் வசிப்போருக்கே பங்கு. இதுவே டென்மார்க்கின் தனிச்சிறப்பு. தொடக்கத்தில் காற்றாலையிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் வசிப்பவரே பங்கு வாங்கலாம். பின்னர் இது 10 கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. ஒருவர் வாங்கக்கூடிய பங்கும் அவர் வீட்டு மின் செலவை ஒட்டி வரையறுக்கப்பட்டது. தலைநகரில் உள்ள செல்வந்தர் கிராமத்துக் காற்றை மொத்தமாக வாங்கிக்கொள்ள முடியாது. ஓசையும் நிழலும் எவர் வீட்டில் விழுகிறதோ, வருமானமும் அவர் வீட்டுக்கே போக வேண்டும் என்பது இதன் நோக்கம்.

பங்கு பிரித்த முறை

பங்கு பிரித்த முறையும் எளிமையானது. ஆண்டுக்கு 1,000 யூனிட் மின்சாரம் தரும் அளவே ஒரு பங்கு எனப்பட்டது. கணக்குக்காக ஒரு காற்றாலை ஆண்டுக்கு 2 லட்சம் யூனிட் தரும் என்று வைத்துக்கொள்வோம். அதன் மொத்தச் செலவு 200 பங்குகளாகப் பிரிக்கப்படும். 5 பங்கு வாங்கியவருக்கு ஆண்டில் 5,000 யூனிட்டுக்கு உரிய பணம், பராமரிப்புச் செலவு போகக் கிடைக்கும். பங்கு இத்தனை யூனிட் என்று சொல்வதால் படிப்பறிவு குறைந்தவருக்கும் கணக்கு விளங்கியது.

சங்கத்தின் பெயரில் கடன் வாங்கக்கூடாது என்ற விதியும் பல சங்கங்களில் இருந்தது. கடன் தேவைப்பட்டவர் தம் பங்குக்குத் தாமே வங்கியில் வாங்கிக்கொண்டார். ஒருவர் கடனுக்கு மற்றவர் நிலம் ஜப்தியாகும் அபாயம் இதனால் தவிர்க்கப்பட்டது. 1990களில் சிறு பங்குதாரரின் காற்றாலை வருமானத்தில் ஆண்டுக்கு 3,000 குரோனர் வரை வரி இல்லை என்ற சலுகையும் இருந்தது. குரோனர் என்பது அந்நாட்டு நாணயம்.

1978இல் காற்றாலை உரிமையாளர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். எந்த இயந்திரம் இந்த மாதம் எத்தனை யூனிட் தந்தது, எது பழுதாகி நின்றது என்ற விவரங்களைத் திரட்டித் தங்கள் இதழில் வெளியிட்டனர். விற்பவர் சொல்வதை நம்பி ஏமாறாமல், பக்கத்து விவசாயியின் கணக்கைப் பார்த்து இயந்திரம் வாங்க இது வழி செய்தது. 2001 வாக்கில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் காற்றாலைகளில் பங்கு வைத்திருந்தன.

சாம்சோ தீவின் எடுத்துக்காட்டு

சாம்சோ என்பது 114 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு தீவு. சுமார் 4,000 பேர் வசிக்கிறார்கள். உருளைக்கிழங்குக்கும் ஸ்ட்ராபெரிப் பழத்துக்கும் பெயர் பெற்றது. 1997இல் அரசு நடத்திய ஒரு போட்டியில், முழுவதும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியால் இயங்கும் தீவாக மாற இது தேர்ந்தெடுக்கப்பட்டது. சோரன் ஹெர்மன்சன் என்ற உள்ளூர் ஆசிரியர் ஊர் ஊராகக் கூட்டம் நடத்தி விவசாயிகளிடம் பேசினார்.

2000ஆம் ஆண்டுக்குள் 11 காற்றாலைகள் நிலத்தில் அமைந்தன. ஒவ்வொன்றும் 1 மெகாவாட், அதாவது 1,000 கிலோவாட் திறன் கொண்டது. அவற்றில் 9 காற்றாலைகள் தனி விவசாயிகளுக்கு உரியவை. மீதி 2 காற்றாலைகளைச் சிறு பங்குதாரர்கள் சேர்ந்து வாங்கினார்கள். தீவின் மின் தேவைக்கு இவையே போதுமாயின. 2003இல் கடலில் மேலும் 10 காற்றாலைகள் நிறுவப்பட்டன. அவற்றில் ஐந்தை உள்ளாட்சி மன்றமே வாங்கியது.

குளிர் நாடாதலால் வீட்டைச் சூடாக்குவது பெரும் செலவு. அதற்குச் சாம்சோ விவசாயிகள் வைக்கோலைப் பயன்படுத்தினார்கள். ஊருக்கு ஒரு கொதிகலன் அமைத்து, வைக்கோலை எரித்து, வெந்நீரைக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். எண்ணெய்க்காக வெளியே போன பணத்தில் ஒரு பகுதி வைக்கோல் விலையாக விவசாயிக்கே திரும்பி வந்தது.

காற்று வீசாத நாளில்

காற்று நம் இஷ்டத்துக்கு வீசாது. அந்நாட்களில் என்ன செய்கிறார்கள் என்று கேட்பது நியாயமே. டென்மார்க்குக்கு அருகில் உள்ள நார்வேயில் அணைகளும் நீர் மின் நிலையங்களும் மிகுதி. இரு நாடுகளுக்கும் இடையே 1970களின் பிற்பகுதியிலேயே கடலடியில் மின் கம்பி போடப்பட்டது. காற்று பலமாக வீசும்போது டென்மார்க் மின்சாரம் நார்வேக்குப் போகும். நார்வே தன் அணை நீரைத் திறக்காமல் மிச்சப்படுத்தும். காற்று நின்றதும் அணை நீர் மின்சாரமாகத் திரும்பி வரும். ஏரியில் நீரைத் தேக்கி வைத்துக் கோடையில் பாய்ச்சுவது போன்றதே இது. இவற்றோடு சுவீடன், ஜெர்மனி நாடுகளோடும் கம்பித் தொடர்பு உண்டு. வைக்கோல், மரத்துண்டு, கால்நடைச் சாணத்திலிருந்து எடுக்கும் எரிவாயு ஆகியவையும் கைகொடுக்கின்றன. சாண எரிவாயு எடுத்தபின் மிஞ்சும் கரைசல் வயலுக்கே உரமாகிறது.

இவற்றின் பயனாக, டென்மார்க்கின் மின் நுகர்வில் காற்றின் பங்கு 1990இல் சுமார் 2 சதவீதமாக இருந்து, 2000இல் சுமார் 12 சதவீதமாகவும், 2010இல் சுமார் 22 சதவீதமாகவும் உயர்ந்தது. 2020இல் ஏறத்தாழப் பாதியை எட்டியது. 2023இல் பாதியையும் தாண்டியது.

கொள்கை மாறியபோது

எல்லாம் நேராகவே நடந்தது என்று எண்ண வேண்டாம். 1999இல் மின்சாரச் சட்டம் மாற்றப்பட்டது. உறுதியான விலை போய், சந்தை விலையோடு சிறு கூடுதல் தொகை என்ற முறை வந்தது. அருகில் வசிப்போருக்கே பங்கு என்ற விதியும் அக்காலத்தில் நீங்கியது. இயந்திரங்களும் பெரிதாகிவிட்டதால் கிராமத்தார் சிறு தொகை போட்டு வாங்க இயலவில்லை. வெளி முதலீட்டாளர்கள் வந்தார்கள். 2004 முதல் 2008 வரை நிலத்தில் புதிய காற்றாலைகள் ஏறக்குறைய வரவே இல்லை. தன்னுடைய காற்றாலையின் ஓசையைப் பொறுத்துக்கொண்டவர்கள், பிறர் காற்றாலையின் ஓசையைப் பொறுக்கவில்லை. பல ஊர்களில் எதிர்ப்பு எழுந்தது.

இதை உணர்ந்து 2008இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு 2009 முதல் நடைமுறைக்கு வந்தது. புதிய காற்றாலையின் பங்குகளில் குறைந்தது 20 சதவீதத்தை உள்ளூராருக்கு விற்க முன்வர வேண்டும் என்றும், 4.5 கிலோமீட்டருக்குள் வசிப்போருக்கு முதல் உரிமை என்றும், காற்றாலையால் வீட்டின் மதிப்பு குறைந்தால் ஈடு தர வேண்டும் என்றும் அது கூறியது. 2020இல் பங்கு விற்கும் விதியை நீக்கி, அருகில் வசிப்போருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தரும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

குறைகளும் உண்டு. வரியும் தீர்வையும் சேர்ந்து அந்நாட்டு வீடுகளுக்கு மின் கட்டணம் ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக நெடுங்காலம் இருந்தது. அங்குள்ள பண்ணைகளும் நம் பண்ணைகளைவிடப் பல மடங்கு பெரியவை. ஆகவே அவர்கள் செய்ததை அப்படியே நாம் செய்துவிட முடியாது.

இயந்திரம் வந்தது, பங்கு வரவில்லை

டென்மார்க்குக்கும் தமிழகத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1990ஐ ஒட்டி, டென்மார்க் அரசின் உதவியுடன் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைப் பண்ணைகள் அமைக்கப்பட்டன. சென்னையில் 1998இல் தொடங்கப்பட்ட காற்றாலைத் தொழில்நுட்ப மையத்துக்கும் அந்நாடு துணை நின்றது. அம்மையமே இன்று தேசிய காற்று சக்தி நிறுவனமாக விளங்குகிறது.

ஆனால் இங்கே அரசு கொடுத்த ஊக்கம் வேறு வகையானது. காற்றாலைக்குப் போட்ட முதலை விரைவில் தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ள 1990களில் இடம் தரப்பட்டது. வரி கட்டும் ஆலைகளுக்கும் நிறுவனங்களுக்கும் இது பெரும் லாபம். விவசாய வருமானத்துக்கு வருமான வரியே இல்லாததால் சிறு விவசாயிக்கு இச்சலுகையால் பயன் ஏதும் இல்லை. விளைவாக, காற்றாலைகள் ஆயிரக்கணக்கில் வந்தன. நிலம் வைத்திருந்தவர்களில் பலர் ஒரு முறை விலையை வாங்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். சலுகை எந்த வடிவில் தரப்படுகிறதோ, அந்த வடிவுக்குப் பொருந்துபவரே பயனடைகிறார் என்பதற்கு இது தக்க சான்று.

2019இல் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி குசும் திட்டத்தில், தரிசு நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சூரிய மின் நிலையம் அமைக்க விவசாயிகள், விவசாயக் குழுக்கள், கூட்டுறவுகள், ஊராட்சிகள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஆகியோருக்கு இடம் அளிக்கப்பட்டது. மின்சாரத்தை மின் விநியோக நிறுவனம் முன்பே நிர்ணயித்த விலைக்கு வாங்கும். டென்மார்க் முறையின் சாயல் இதில் இருப்பதைக் காணலாம். தற்போதைய விதிகளையும், விண்ணப்பிக்க இயலுமா என்பதையும் அருகில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் மின்வாரிய அலுவலகத்திலும் கேட்டறிந்த பின்னரே செலவு செய்ய வேண்டும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. கிணறும் பாசன வசதியும் உள்ள நிலத்தை மின் நிலையத்துக்குக் கொடுக்க வேண்டாம். பயிர் ஏறாத கல்லாங்காட்டை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

2. இயன்றவரை விற்காதீர்கள். குத்தகைக்கு விட்டால் பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். காற்றாலையானால் அதன் அடிப்பரப்பும் பாதையும் போக, எஞ்சிய நிலத்தில் உழுது விதைக்கலாமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

3. குத்தகைத் தொகை ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயரும், எந்தத் தேதியில் தரப்படும், தவறினால் என்ன என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். இன்று பெரிதாகத் தோன்றும் தொகை 25 ஆண்டுகளுக்குப் பின் சில்லறையாகிவிடும்.

4. குத்தகைதாரர் உங்கள் நிலத்தின் பேரில் கடன் வாங்க இடம் தராதீர்கள். மூலப் பத்திரத்தைக் கையில் கொடுக்காதீர்கள்.

5. காலம் முடிந்ததும் இயந்திரத்தையும் கான்கிரீட் அடித்தளத்தையும் அகற்றி நிலத்தைச் சீர் செய்து தருவது எவர் பொறுப்பு என்று கேளுங்கள்.

6. ஓடை, வாய்க்கால், வண்டிப் பாதை, மேய்ச்சல் வழி ஆகியவை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலத்தின் வழியே பக்கத்து வயலுக்குப் போகும் நீரும் இதில் அடங்கும்.

7. தனித்தனியே பேசாமல் ஊரில் நிலம் உள்ளவர்கள் சேர்ந்து பேசுங்கள். குத்தகையோடு மின்சார வருமானத்திலும் ஒரு பங்கு கேளுங்கள். கேட்பதால் இழப்பு ஒன்றும் இல்லை.

8. ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி வாங்கிப் படித்து, பதிவு செய்யுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகி இலவச ஆலோசனை பெறலாம்.

காற்றும் வெயிலும் எவருக்கும் சொந்தமல்ல. ஆனால் அவற்றைப் பிடிக்கும் இயந்திரம் நிற்பது விவசாயியின் நிலத்தில். டென்மார்க் விவசாயிகள் நிலத்தை விடாமல், பங்கையும் விடாமல் சுமார் 20 ஆண்டுகள் வருமானம் கண்டார்கள். அடுத்த முறை உங்கள் ஊருக்கு நிலம் கேட்டு வருபவரிடம், நிலத்துக்கு என்ன விலை என்று கேட்கும் முன், மின்சாரத்தில் எங்களுக்கு என்ன பங்கு என்று கேளுங்கள்.